மூன்றெழுத்துக் கன்னடம்

பேசத் தெரிந்த மொழியைப் படிக்கவும் தெரியும் என்று ஊரை நம்ப வைப்பது சுலபம். எந்தப் பலகையைக் கண்டாலும் இரண்டு விநாடி உற்றுப் பார்த்துவிட்டு, "ம்" என்று தலையாட்டினால் போதும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த நான் இருபத்தெட்டு வருடம் இப்படித் தலையாட்டியே காலம் தள்ளினேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் இந்தியும். கன்னடத்தில் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன், சண்டையில் தோற்றால் மன்னிப்பும் கேட்பேன். எழுத்து மட்டும் கடைசிவரை மண்டையில் ஏறவில்லை.

ஒரே ஒரு சொல் விதிவிலக்கு: உசித. தமிழில் உசிதம் என்றால் தகுந்தது. கன்னடத்தில் உசித என்றால் இலவசம். மூன்றே எழுத்து. இலவசமாகக் கிடைப்பதே தகுந்தது என்பது அந்தக் காலத்தில் என் கொள்கையாக இருந்ததால், அந்த மூன்றெழுத்தை மட்டும் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். (கண் அவ்வளவு கூர்மை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

தொண்ணூற்றெட்டாம் வருடம் என்று ஞாபகம். எனக்கும் கோமதிக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கோமதிக்குத் திருப்பத்தூர். அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. புடவை கேட்கவில்லை, ஊட்டி கேட்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சூரியன் கடலுக்குள்ள போறதப் பாக்கணுங்க. ஒரு தரம் பாத்தா போதும்."

என் சம்பளத்துக்கு லாட்ஜ் எல்லாம் கட்டுப்படியாகாது. அதை அப்படியே ஒப்புக்கொண்டிருந்தால் நான் நல்ல புருஷன். நானோ அதற்கு ஒரு தத்துவம் சொன்னேன். "பணம் குடுத்துப் பாக்கறதெல்லாம் பார்வையே இல்ல கோமதி. ஒரு ஊர்ல எதெல்லாம் சும்மா கிடைக்குதோ, அதுதான் அந்த ஊரு." ராத்திரி பஸ்ஸில் மங்களூர், மறுநாள் ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிவிடுவது. நடுவில் கிடைக்கும் ஒரு பகலில் எல்லாமே இலவசம்: கோயில், கோயிலிலேயே சாப்பாடு, துறைமுகத்தில் படகு பார்ப்பது, ஒரு பழைய சர்ச்சில் கூரை முழுக்க வரைந்திருக்கும் ஓவியங்கள், கடைசியில் பணம்பூர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்.

சும்மா சொல்லக் கூடாது, மத்தியானம் வரை என் தத்துவம் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தது. கோயிலில் சுடச்சுடச் சாதமும் தேங்காய் அரைத்த சாம்பாரும் போட்டார்கள். படகுத் துறை ஆற்றங்கரையில் இருந்ததால் கடல் கண்ணில் படவில்லை; அங்கே கோமதி ஒவ்வொரு மீனுக்கும் பெயர் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னேன். அவளும் நம்பினாள். அதுதான் அவள் என்னை முழுசாக நம்பிய கடைசி நாள்.

அந்த சர்ச் பற்றிச் சொன்னவர் என் ஆபீஸ் நண்பர். "காசு கெடயாது. மேல பாத்துட்டே நிக்கணும், கழுத்து வலிக்கும், அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மேட்டில் ஏறிப் பாதி தூரம் போனதும் ஒரு பெரிய கட்டடம் வந்தது. வாசலில் துணிப் பலகை. அதில் ஏகப்பட்ட எழுத்து. முதல் சொல்லை மட்டும் படித்தேன். உசித.

"இதுதான்" என்றேன்.

உள்ளே நீளமான வரிசை. பெரும்பாலும் வயதானவர்கள். சிலர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கோமதி என் சட்டையை மெல்ல இழுத்தாள்.

"ஏங்க, சர்ச்சுக்குள்ள எதுக்குக் கூலிங் கிளாஸு?"

"கடலோர ஊரு. வெயில் ஜாஸ்தி."

மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தொண்டர் ஒருவர் பெயர், வயது, ஊர் எல்லாம் கன்னடத்தில் கேட்டு எழுதிக்கொண்டார். பெங்களூர் என்றதும் நிமிர்ந்து பார்த்து, "எஷ்டு வருஷதிந்த?" என்றார். எத்தனை வருஷமாக என்று அர்த்தம். பெங்களூரில் எத்தனை வருஷமாக இருக்கிறேன் என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "ஹுட்டிதாகிந்த" என்றேன். பிறந்ததிலிருந்தே.

அவர் முகம் வாடிவிட்டது. கோமதியைக் காட்டி, இவருக்கு என்று கேட்டார். "மூன்று மாதமாகத்தான். கல்யாணமானதிலிருந்து" என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் துளுவில் ஏதோ சொன்னார். எனக்குத் துளு தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ள மனசும் வரவில்லை. "ம்" என்று தலையாட்டினேன்.

அடுத்த நிமிடம் ஆளுக்கொருவர் வந்து எங்கள் கையைப் பிடித்து, "இங்கே படி இருக்கிறது, பார்த்து" என்று சொல்லிச் சொல்லி, அத்தனை பேரையும் தாண்டி வரிசையின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர்கூட ஆட்சேபிக்கவில்லை.

"ஏங்க, எதுக்குக் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வராங்க?"

"பெங்களூர்க்காரங்கன்னா இங்க ஒரு மரியாதை."

வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நர்ஸ் வந்து, "மேலே நோடி" என்றார். மேலே பாருங்கள். இதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது. ஆவலோடு முகத்தை உயர்த்தினேன். வெள்ளைக் கூரை, ஒரு மின்விசிறி, கொஞ்சம் ஒட்டடை. ஓவியம் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்கு இரண்டு சொட்டு விழுந்தது. கண்ணைத் திறக்க முடியாத எரிச்சலிலும் ஒரு வழிகாட்டியின் கடமையை நான் மறக்கவில்லை.

"கோமதி, மேல பாரு, மேல பாரு" என்றேன்.

பாவி மகள், பார்த்தாள்.

அதன்பின் கண்ணை மூடியபடி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். நடுநடுவே இன்னும் இரண்டு தடவை சொட்டு. ஒருவழியாக ஒரு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"பிறந்ததிலிருந்தே என்று எழுதியிருக்கிறதே. பிறந்ததிலிருந்து என்ன?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"பெங்களூர்" என்றேன்.

டாக்டரம்மா டார்ச்சை மேஜையில் வைத்தார். பிறகு பலகையில் எழுதியிருந்த முழு வாக்கியத்தையும் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். இலவசக் கண் சிகிச்சை முகாம். ஓவியம் இருக்கும் சர்ச் இன்னும் கொஞ்சம் மேலே. இரண்டு பேருக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சொட்டு மருந்தால் பாவை விரிந்திருக்கிறது, ராத்திரி வரை வெளிச்சம் கூசும். முக்கியமாக ஒன்று. இன்றைக்குச் சூரியன் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

இதைக் கோமதிக்குத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டியவன் நான். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான மொழிபெயர்ப்பு செய்ததில்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பெரிய புத்திசாலி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த மண்டபத்தின் தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பணம்பூர் பஸ்ஸில் கைக்குட்டையால் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி ஏறினோம். இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். (அதுவும் இலவசம்தான்.) கடற்கரை மணலில் போய் உட்கார்ந்தபோது சூரியன் நேர் எதிரே இருந்தது. ஒரு கண்ணை மயிரிழை திறந்து பார்த்தேன். உலகமே வெள்ளையாகப் பற்றி எரிந்தது. கன்னத்தில் தாரைதாரையாகக் கண்ணீர். எங்களைக் கடந்து போனவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ரொம்ப நேரம் கழித்துக் கோமதி பேசினாள். "இவ்ளோ சத்தம் போடும்னு யாருமே சொல்லலியே."

பேசிவிட்டாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தத் தைரியத்தில், பக்கத்தில் சுருமுரி விற்றுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, சூரியன் முழுகிவிட்டதா என்று கேட்டேன். அவர் பொரியும் வெங்காயமும் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னு உண்டு" என்றார்.

"இன்னும் இருக்காம்" என்றேன் கோமதியிடம்.

"எனக்கே புரியுது" என்றாள்.

அப்புறம் நாங்கள் கேட்காமலேயே அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். சிவந்துவிட்டது. தண்ணீரைத் தொட்டுவிட்டது. பாதி உண்டு. ஒரு நகக்கீற்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டு. கடைசியில் மனசே இல்லாதவர் மாதிரி, "ஹோயிது" என்றார்.

போய்விட்டது. அந்த நேரத்தில் கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாலு பொட்டலம் சுருமுரி வாங்கினேன். அன்றைக்கு நாங்கள் காசு கொடுத்துச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

வெளிச்சம் நன்றாக மங்கிய பிறகு கண்ணைத் திறந்தோம். விளிம்பெல்லாம் கலங்கி, சாம்பல் நிறத்தில், எங்கே முடிகிறது என்றே தெரியாமல் எதிரே கிடந்தது கடல். கோமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ நேரம் இது இங்கதான் இருந்துச்சா?" என்றாள். எனக்கு அந்த நிமிடம் எந்தக் குறையும் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று எத்தனையோ கடல் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் கோமதிக்கு ஒரு வழக்கம். முதலில் மணலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பாள். ஆற அமரக் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறப்பாள். இப்போது மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்கிறாள். ஒரு தடவை மெரினாவில் மூன்று பேரும் இப்படி வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மா கோமதியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏதாச்சும் வேண்டுதலாம்மா?"

கோமதி கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னாள்.

"இல்லீங்கம்மா. எங்க வீட்டுக்காரருக்குக் கன்னடம் நல்லாத் தெரியும்."