டாங்கிக்குத் தேங்காயெண்ணெய் வச்ச கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ரொம்பச் சின்ன வேலைங்க. ஷோகேஸ்ல இருந்த ரிமோட் வெளையாட்டு டாங்கிய எடுத்து, புது பெட்டரி போட்டு, ஓடுதான்னு பார்த்து வைக்கணும். அவ்வளவுதான். தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்னு நெனச்சி, கோப்பைய பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் உக்காந்தேன்.

அந்த ஞாயித்துக்கெழம என் தங்கச்சி புஷ்பம் குவைத்துல இருந்து வர்றா. வீட்டு வேலைக்குப் போயி ரெண்டு வருஷம். அவ புருஷனுக்கு கொழும்புல ஒரு கடையில வேலை. அதனால மக தர்ஷினி எங்க வீட்டுலதான் வளருது.

தர்ஷினி நாள் பூரா பேசும். கோழிகிட்ட பேசும், கொழாய்த் தண்ணிகிட்ட பேசும். ஆனா அம்மாகிட்ட மட்டும் பேசாது.

அப்ப எங்க தோட்டத்து லய வீடுகள்ல யாருகிட்டயும் போன் கெடையாது. கரவனெல்ல டவுன்ல இருக்கிற கொமினிகேசன் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போவோம். ரிசீவர காதுல வச்சிக்கிட்டு செவுத்தப் பார்த்து நிக்கும். "அம்மான்னு ஒரு வார்த்த சொல்லும்மா"ன்னு புஷ்பம் அந்தப் பக்கம் கெஞ்சுறது எங்களுக்கே கேக்கும். அம்மா விட்டுட்டுப் போன கோவமா, வெக்கமான்னு எங்களுக்குத் தெரியல.

கடைசியா பேசும்போது புஷ்பம் எங்கிட்ட ஒண்ணு சொன்னா.

"அண்ணே, நான் வந்து எறங்கையில நான் அனுப்பின வண்டிய அவளே ஓட்டி எங்கிட்ட அனுப்பட்டும். வண்டி வந்துச்சின்னா பின்னாலயே புள்ளையும் வந்துரும். வண்டிய மட்டும் பத்திரமா வச்சிக்கங்க."

பத்திரமா வச்சிக்கிற பொறுப்ப எங்கிட்ட குடுத்தா, பாருங்க. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சிச்சி.

அந்த டாங்கி வந்த கதைய சொல்லிடுறேன். எங்க தோட்டத்துல ரப்பர் பால் ஏத்துற டிராக்டர்னா தர்ஷினிக்கு உசிரு. அதே மாதிரி ஒண்ணு அனுப்பணும்னு புஷ்பம் அங்க தேடியிருக்கா, கெடைக்கல. கடைக்காரன் இந்த யுத்த டாங்கியக் காட்டி, மேடு பள்ளம் எல்லாம் ஏறும்னு சொல்லியிருக்கான். ஊருக்கு வந்த ஒருத்திகிட்ட குடுத்தனுப்பிட்டா. புள்ளயும் அத இன்னைய வரைக்கும் டாங்கின்னு சொன்னதில்ல, டிராக்டர்தான். முன்னால நீட்டிக்கிட்டு இருக்கிறது என்னான்னு கேட்டா, பொகை போற கொழாய்னு சொல்லும்.

சின்னப் புள்ள கையில குடுத்தா ஒரே வாரத்துல ஒடைஞ்சிரும்னு நான் முடிவு பண்ணேன். அதனால சட்டம் போட்டேன். ஞாயித்துக்கெழமைதான் ஓடணும், பாய் மேலதான் ஓடணும், ரிமோட்ட சுத்தி இருக்கிற பொலித்தீன கழட்டக் கூடாது. ஓடி முடிஞ்சதும் ஈரத்துணியால தொடச்சி ஷோகேஸ்குள்ள வச்சிப் பூட்டிருவேன். குளிரு காலத்துல இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்னு ஓட்டவே விடல. சாமி படத்துக்குக் கூட நான் அவ்வளவு மரியாதை குடுத்ததில்லன்னு எங்க வீட்டுக்காரி செல்வி சொல்லுவா.

சரி, அன்னைக்கு வருவோம்.

பெட்டரி மூடியத் தெறந்தேன். உள்ள பழைய பெட்டரி அப்படியே கெடந்து பொங்கி, பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயிருந்துச்சி. ஓட்டாத நேரத்துல பெட்டரிய எடுத்து வைக்கணும்னு அட்டைப் பொட்டியிலயே படம் போட்டிருந்ததாம். பொட்டி கசங்கிடும்னு அதையும் நான் பிரிக்காம அலுமாரி மேல கட்டி வச்சிருந்தேன். தேசிக்காய, அதான் எலுமிச்சங்காய, புழிஞ்சி, பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சி, துணியால தொடச்சி, புது பெட்டரிய போட்டேன். லைட்டு எரிஞ்சிச்சி. அப்பாடான்னு ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சேன்.

ரிமோட்ட அமுக்கினேன். உள்ள மோட்டார் சுத்துது, சில்லு சுத்துது, வண்டி மட்டும் நகரல. சில்லு மேல சுத்திப் போற ரப்பர் பட்டி ரெண்டும், ஊறிப்போன இடியப்பம் மாதிரி தொளதொளன்னு கழண்டு கீழ விழுந்துச்சி.

செல்வி வந்தா. பட்டிய எடுத்தா, இழுத்துப் பார்த்தா, மோந்து பார்த்தா.

"ஏங்க, இதுக்கு எண்ணெய் பூசினீங்களா?"

பூசினேங்க. ஒவ்வொரு தடவையும் தொடச்சி முடிச்சதும், காய்ஞ்சி வெடிச்சிடக் கூடாதேன்னு, நல்ல தேங்காயெண்ணெய எடுத்து விரலால தடவித்தான் வைப்பேன். செருப்புக்கு வச்சா மெதுவா இருக்கு, கதவுக்கு வச்சா சத்தம் போடாம இருக்கு, இதுக்கு மட்டும் ஏன் ஆகாது?

செல்வி பட்டிய என் மடியில போட்டா. அப்புறம், "நீங்க எங்க வேலை செய்றீங்க?"ன்னு கேட்டா.

நான் தோட்டத்து ரப்பர் பெக்டரியில வேலை செய்றேன். அங்க ரப்பர் ஷீட்டு பொறுப்பு எனக்குத்தான். எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுரும். அதனால, 'எண்ணெய்க் கையோட ஷீட்டத் தொடாதே'ன்னு செவுத்துல தமிழ்லயும் சிங்களத்துலயும் செவப்பு பெயின்ட்டால எழுதியிருக்கு. எழுதினது நான்தான். ஆனா பாருங்க, பெக்டரியில இருக்கிறதுதான் ரப்பர், வீட்டுல இருக்கிறது வெளையாட்டுச் சாமான்னு என் மண்டையில ரெண்டும் வேற வேற அலுமாரியில இருந்திருக்கு.

தர்ஷினி கதவுகிட்ட நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்துச்சி. அழல. டிராக்டர் இல்லாட்டி அம்மா வரும்போது நான் வெளிய வரமாட்டேன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிருச்சி. ரெண்டு வருஷமா புஷ்பம் நெனச்சிக்கிட்டு இருக்கிறது அந்த ஒரு நிமிஷத்ததானே.

டவுனுக்குப் போயி பட்டி வாங்கிட்டு வந்துடுறேன்னு டாங்கிய பேக்ல வச்சேன். செல்வி பிடுங்கிக்கிட்டா.

"டாங்கியத் தூக்கிக்கிட்டு பஸ்ல போகப் போறீங்களா? இந்த யுத்த நேரத்துல சும்மா போனாலே ஆமிக்காரங்க நம்ம ஐடென்டிட்டி கார்ட திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க. பட்டிய மட்டும் கொண்டு போங்க. யாரும் கேட்டா டிராக்டர்னு சொல்லுங்க."

அவ சொன்னது சரியாப் போச்சி. பாதி வழியில பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்குனாங்க. ஒரு ஆமிக்காரப் பையன் என் பேப்பர் பொட்டலத்தப் பிரிச்சான். டிராக்டர் பட்டின்னு சிங்களத்துல சொன்னேன். இவ்வளவு சின்ன டிராக்டரான்னு கேட்டான். புள்ளையோட டிராக்டர்னு சொன்னேன். மூக்குகிட்ட கொண்டு போனான். "பொல்தெல் கந்தய் நே"ன்னான், தேங்காயெண்ணெய் நாத்தம் அடிக்குதேன்னு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, என்னையப் பாவமாப் பார்த்து பஸ்ஸுல ஏறச் சொன்னான்.

டவுன்ல வெளையாட்டுச் சாமான் கடை முதலாளியும் முதல்ல மோந்துதான் பார்த்தாரு. தனியா பட்டி வராது, புதுசா வாங்குன்னாரு. அவர்கிட்ட புதுசா டாங்கியும் இல்ல, ரிமோட்டும் இல்ல, சாவி குடுத்தா குதிக்கிற தவளதான் இருந்துச்சி. அப்புறம் எந்த ஊருன்னு விசாரிச்சாரு. தோட்டத்துப் பேரச் சொன்னதும், அது ரப்பர் தோட்டமாச்சேன்னாரு. நான் பொட்டலத்தக் கட்டிக்கிட்டு கெளம்பிட்டேன்.

பஸ்ல வரும்போதுதான் யோசன வந்துச்சி. ஊருக்கே ரப்பர் அனுப்புற ஆளு நான், ரெண்டு பட்டி செய்ய முடியாதா?

அடுத்த நாள் பெக்டரியில வேலை முடிஞ்சதும், மெல்லிசா ஒரு ஷீட்டு ஊத்துனேன். அசிட் போட்டு ஒறைய வச்சி, ரோலர்ல விட்டு, புகை ரூம்ல தொங்க விட்டேன். காஞ்சதும் பட்டியா வெட்டி, பஞ்சர் ஒட்டுற சொலூஷன் போட்டு ரெண்டு முனையையும் சேர்த்தேன். கையை சவுக்காரம் போட்டு நல்லா கழுவிட்டுத்தான் எல்லாத்தையும் செஞ்சேன். பூமாதிரி ஒக்காந்துச்சி. வீட்டு சீமெந்துத் தரையில விட்டுப் பார்த்தேன், ஓடுச்சி. வீடு பூரா புகை நாத்தம் அடிச்சிச்சி, அது ஒரு பெரிய விசயமில்ல.

தர்ஷினி ரிமோட்ட வாங்கி ஒருதரம் ஓட்டுச்சி. மோந்து பார்த்துச்சி. "இப்பத்தான் நெசமான டிராக்டர்"னு சொல்லிச்சி. எனக்கு தலைகால் புரியல.

ஞாயித்துக்கெழம நல்ல வெயில். வேன் வந்து ரோட்டுல நின்னுச்சி. புஷ்பம் எறங்கி படியில வர்றா, எளைச்சிப் போயிருந்தா. லயமே வாசல்ல நிக்குது. தர்ஷினி செல்வி சேலைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு ரிமோட்ட மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. புஷ்பம் வாசல்லயே குந்தி ரெண்டு கையையும் விரிச்சா.

டாங்கி கெளம்புச்சி. நல்லாத்தான் போச்சி.

நான் யோசிக்காதது ஒண்ணுதான். பெக்டரி ஷீட்டு வெறும் பச்ச ரப்பர். டவுன்ல இருந்து வர்ற ரப்பர் சாமான் மாதிரி வேக வச்சி எடுத்தது இல்ல. வெயில் பட்டா பலாப்பழப் பால் மாதிரி ஒட்ட ஆரம்பிச்சிரும். மொதல்ல மண்ணு ஒட்டுச்சி. அப்புறம் காஞ்ச எல. அப்புறம் கோழி எறகு, டொபி மிட்டாய் தாளு, வரவேற்புக்குப் போட்ட கோலத்துல பாதி. பாதி தூரத்துல ஒரு குப்பை உருண்ட உர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டு நின்னுச்சி.

புஷ்பம் விரிச்ச கை அப்படியே இருக்கு. எனக்கு பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சி.

தர்ஷினி குப்பை உருண்டயப் பார்த்துச்சி. என்னையப் பார்த்துச்சி. ரிமோட்ட செல்வி கையில குடுத்துட்டு விடுவிடுன்னு நடந்து, டாங்கியத் தாண்டி, நேரா அம்மா முன்னால போயி நின்னுச்சி.

"அம்மா, மாமா இதுக்கு எண்ணெய் பூசிட்டாரு."

புஷ்பம் விரிச்ச கைய எறக்கினா. "என்ன எண்ணெய்மா?"ன்னு கேட்டா.

"தேங்காயெண்ணெய். தொட விடவே மாட்டாரு. கண்ணாடிக்குள்ள வச்சிப் பூட்டிருவாரு."

அப்புறம் புள்ளயோட பேச்சு நிக்கலைங்க. பெட்டரி பொங்கினது, பொலித்தீன், பாய், குளிரு காலத்துல ஓட்ட விடாதது, ஒண்ணு விடாம ஒப்பிச்சிச்சி. புஷ்பம் மண்ணுலயே ஒக்காந்து புள்ளய மடியில இழுத்து வச்சிக்கிட்டு, அழுதுகிட்டே சிரிச்சிக்கிட்டே, அப்புறம் மாமா என்ன செஞ்சாரு, அப்புறம் என்ன செஞ்சாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. ரெண்டு வருஷத்துப் பேச்சும் எம்மேல பிராதா வந்துச்சி. எனக்கும் கண்ணு கலங்கிருச்சி, வெயில்னு சொல்லி சமாளிச்சேன்.

சாயங்காலம் பேக்கத் தெறந்து எல்லாருக்கும் சாமான் குடுத்தா. எனக்குன்னு ஒரு பெரிய போத்தல எடுத்தா. அந்த நாட்டு ஒலிவ் எண்ணெய், தலைக்கு வைக்க நல்லதாம். நான் கைய நீட்டினேன். அவ என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துட்டு, செல்வி பக்கம் திரும்பினா.

"அண்ணி, இத நீங்களே ஷோகேஸ்ல வச்சிப் பூட்டிருங்க."