கோச் ஏற்ற பாத்திரம்

ஹாலோவே கல்லூரியின் ஃபுட்பால் கோச் வெண்டல் க்ராடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பான்கேக் மேல் சிரப்பை ஊற்றியபடியே சபதம் எடுத்தார்.

"லொரெட்டா, இன்னையிலேருந்து நான் மக்களோட மனுஷன்."

"இத்தனை நாளா?" என்றார் மனைவி, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இத்தனை நாளா மைதானத்தோட மனுஷன்."

"வீட்டோட மனுஷனா ஆகற உத்தேசம் ஏதாவது?"

கோச்சுகளுக்கு ஒரு வசதி உண்டு. காது மடலுக்குள் ஒரு கதவு இருக்கும். வேண்டாத கேள்வி வரும்போது அது தானாகச் சாத்திக்கொள்ளும். வெண்டல் சாத்திக்கொண்டார்.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. கல்லூரி அணிக்குப் பெயர் காட்டுக்கோழிகள். கான்சஸ் புல்வெளியில் அந்தப் பறவை கம்பீரமாகத்தான் திரிகிறது; மைதானத்துக்கு வந்தால்தான் அடைகாக்க உட்கார்ந்துவிடுகிறது. போன சீசனில் பாதி ஆட்டங்களில் ஸ்கோர் பலகை பூராவும் முட்டை. ஃபுட்பால் என்று பெயர்தானே தவிர, அமெரிக்காவில் அந்த விளையாட்டு காலில் இல்லை, கையில் இருக்கிறது. பந்தை எறிகிற குவாட்டர்பேக் சரியில்லை என்றால் மற்றவர்கள் எல்லாம் சட்டை அழுக்காக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

விளையாட்டுத் துறைத் தலைவர் வெண்டலைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிட்டார்.

"பக்கத்து ஊர் கோச்சைப் பாருங்க. பசங்களோட டான்ஸ் ஆடி வீடியோ போடறார். இதயம் இதயமா கொட்டுது. நீங்க போன வாரம் என்ன போட்டீங்க? 'பயிற்சி முடிந்தது. காற்று அதிகம்.' அது பதிவா, வானிலை அறிக்கையா? டிசம்பர்ல ஒரு நல்ல குவாட்டர்பேக் நம்ம காலேஜ்ல சேரக் கையெழுத்துப் போடலேன்னா, அடுத்த வருஷம் நீங்க டிக்கெட் வாங்கித்தான் மேட்ச் பார்க்கணும்."

அந்த நல்ல குவாட்டர்பேக் பக்கத்து மாநிலத்தில், டல்சாவில் இருந்தான். பெயர் ஜாமரியஸ் தோர்ன். கோடையில் ஒருமுறை ஹாலோவேக்கு வந்து கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் கோச்" என்று போனவன்தான். அவன் எறிகிற பந்து, திருவிழாக் கூட்டத்தில் நழுவப் பார்க்கும் கணவனை மனைவி கண்டுபிடிப்பதுபோல, நேராகப் போய் ஆளைப் பிடிக்கும். கையெழுத்துப் போடாத பையனின் பெயரைச் சொல்லி வெளியே பதிவு போடக்கூடாது என்பது விதி. ஆனால் பொதுவாகப் போடும் பதிவை அவன் அம்மா பார்க்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லையே!

முதல் முயற்சி டான்ஸ். மூன்றாவது அசைவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வீடியோவுக்குக் கீழே அவருடைய அணிப் பையன் ஒருவனே, "கோச், இது டான்ஸா, இல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமா?" என்று கேட்டிருந்தான்.

"உருக்கமா பேசிடறேன்" என்றார் வெண்டல். "எனக்கு வாய்தான் பலம்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் லொரெட்டா.

லொரெட்டா மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். யார் என்ன சொன்னாலும் அட்சரம் பிசகாமல் எடுப்பது உத்தியோகம். வீட்டிலும் அந்தக் குணம் போகவில்லை. வெண்டல் சமையலறைப் பக்கம் வராததற்குக் கல்யாணமான புதிதில் சொன்ன காரணம் அவருக்கு இன்னும் மனப்பாடம்: "கல்லூரியில் விளையாடும்போது முழங்காலில் அடிபட்டது, அதனால் பாத்திரம் கழுவ முடியாது."

அந்த உருக்கமான வீடியோவை லொரெட்டாதான் எடுத்தார். "இங்க நில்லு. இல்ல, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு." வெண்டல் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, குணம், குடும்பம், கடமை என்று மூச்சுவிடாமல் பேசினார். நல்ல பேச்சு. ஒரே ஒரு குறை: தோளுக்குப் பின்னால் தொட்டியில் பாத்திரம் மலை மாதிரி குவிந்திருந்தது.

முதல் கேள்வியே டல்சாவிலிருந்து வந்தது. கேட்டவர் விவெட் தோர்ன், பையனுடைய அம்மா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் வைத்தே பழகியவர். முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருப்பதுதான் அவருக்கு முதலில் தெரியும்.

"பேச்சு அருமை கோச். பின்னாடி இருக்கற பாத்திரத்தை யாரு கழுவறது?"

வெண்டலுக்குக் கை துறுதுறுத்தது. குவாட்டர்பேக்கின் அம்மா! உடனே தட்டினார்: "நாங்க குடும்பம் மேடம். எங்க வீட்ல எல்லாரும் எல்லா வேலையும் செய்வோம்."

"ரொம்ப சந்தோஷம். பார்த்தா இன்னும் சந்தோஷம்."

வெண்டல் போனை மேஜைமேல் வைத்தார். தொட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"வேண்டாம் வெண்டல்," என்றார் லொரெட்டா, மிகுந்த கரிசனத்துடன். "முழங்கால் என்ன ஆகறது?"

"முழங்கால் கிடக்கட்டும். சோப்பு எங்க?"

"தொட்டிக்குக் கீழ."

"தொட்டிக்குக் கீழ கதவு இருக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்தே இருக்கு."

அந்த வீடியோ கான்சஸைத் தாண்டி ஓடியது. எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த வாணலியோடு ஒரு கோச் மல்லுக்கு நிற்பதை ஊர் உலகத்துத் தாய்மார்கள் எல்லாம் பார்த்து இதயம் இதயமாகக் கொட்டினார்கள். துறைத் தலைவர் போன் செய்து, "இதைத்தான் சொன்னேன்!" என்றார். வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்புக்குச் சபலம் தட்டியது. இன்னொரு டான்ஸ் ஆடலாமா என்று பார்த்தார்.

ஆனால் விவெட்டுக்கு வாணலி போதவில்லை. துணி மடிப்பீங்களா கோச்? நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பை மடிக்கிற வீடியோவில் வெண்டல் இரண்டுமுறை உள்ளே மாட்டிக்கொண்டார். சமைப்பீங்களா? கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த பன் செய்தார். ஒவ்வொன்றும் ஃபுட்பால் வடிவத்தில் வந்தது, கடினமும் அப்படியே. "என் பையன் நாலு வருஷம் உங்க கையில இருக்கப்போறான்," என்று எழுதினார் விவெட். "மைதானத்துல எல்லாரும் சிங்கம்தான். ஒரு ஆம்பளை எப்படின்னு அடுப்படியிலதான் தெரியும்."

லொரெட்டா நாற்காலியில் சாய்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, வீடியோ எடுத்தார். வெண்டல் கழுவினார், துடைத்தார், அப்படியே பேசினார். எந்தப் பையனுக்கு எதில் பயம், எவன் வீட்டு நினைவில் அழுகிறான், பழைய குவாட்டர்பேக்கை எப்படித் தேற்றுவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். வீடியோ முடிந்த பிறகும் சில நாள் பேச்சு நிற்காது.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஹார்லன் வேலிக்கு மேலே முகத்தை நீட்டினார். கோதுமை விவசாயம் செய்து ஓய்வு பெற்றவர். முகம் வாடியிருந்தது.

"வெண்டல், நீ மனுஷனாய்யா?"

"மக்களோட மனுஷன்."

"உன் வீடியோவை என் பொண்டாட்டி காலையில ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் எனக்குப் போட்டுக் காட்டறா. நேத்து என் கையில துடைப்பத்தைக் கொடுத்துட்டா. ஆயுசு பூரா கட்டிக் காத்த கோட்டை, ஒரே வாணலியால இடிச்சுட்டியே!"

"எனக்கு வேற வழி இல்ல ஹார்லன். குவாட்டர்பேக் வேணும்."

"உனக்கு குவாட்டர்பேக் வேணும்னா, எனக்கு எதுக்குய்யா முதுகு வலி?"

நவம்பர் பிறந்தது. வெண்டல் இளைத்துப்போனார். அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஒரு சனிக்கிழமை லொரெட்டா தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சட்டையை மாற்றி மாற்றி, ஒரே மூச்சில் பல வீடியோக்களை எடுத்துத் தள்ளினார். துணி மடிப்பது ஒன்று, மாவு பிசைவது ஒன்று, கொல்லையில் இலை கூட்டுவது ஒன்று. இனி தினம் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் போதும். மாதம் பூரா சாய்வு நாற்காலி!

மாவு போயிற்று. துணியும் போயிற்று. இலை கூட்டும் வீடியோவைப் போட்டுவிட்டு வெண்டல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினார். சாயந்திரம் போன் கிணுகிணுத்தது. விவெட்.

"கோச், உங்க ஊர்ல இன்னிக்கு முழங்கால் அளவு பனின்னு செய்தியில சொல்றாங்க. நீங்க அரைக்கைச் சட்டையில இலை கூட்டறீங்க. உடம்பு அவ்வளவு சூடா, இல்ல வீடியோ ஆறிப்போனதா?"

வெண்டல் எழுந்து வெளியே பார்த்தார். அவர் தூங்கப் போன நேரத்துக்கும் இப்போதுக்கும் நடுவில், கான்சஸ் வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது.

"என்ன எழுதட்டும் லொரெட்டா?"

"உண்மையை எழுது."

"உண்மை எழுதினா பையன் போயிடுவான்!"

"அப்போ மண்வாரியை எடுத்துக்கிட்டுப் போ."

அன்றிலிருந்து எல்லாம் நேரலை என்று ஆகிவிட்டது. விவெட்டின் கட்டளை அது. வெண்டல் நடுங்கியபடி வாசலில் பனி வாரினார். ஹார்லனும் வேலிக்கு அந்தப்பக்கம் வாரினார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. அது வாழ்த்து இல்லை என்பது மட்டும் கேட்டது.

டிசம்பரில், புது ஆட்டக்காரர்கள் கல்லூரிகளில் சேரக் கையெழுத்துப் போடும் நாள். காலையிலேயே ஜாமரியஸின் கையெழுத்து வந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரே கூச்சல். துறைத் தலைவர் வெண்டலைக் கட்டிக்கொண்டார். ஒரு பையன் சேர்ந்தால் காட்டுக்கோழி கூவுகிற வீடியோ போடுவது வழக்கம். வெண்டல் அன்று தானே கூவிப் போட்டார். மதியம் வீட்டுக்கு ஓடிவந்து, லொரெட்டா கேட்கும்படி டல்சாவைக் கூப்பிட்டார்.

"ஜாமரியஸ்! உண்மையைச் சொல்லு. உன்னை அசைச்சது எது? வாணலியா? பனி வாரினதா?"

"கோச்... எந்த வாணலி?"

"என் வீடியோ எல்லாம் பார்க்கலையா நீ?"

"அதெல்லாம் அம்மாதான் பார்ப்பாங்க. வயலுக்கு மருந்து தெளிக்கற சின்ன விமானம் ஓட்டக் கத்துக்கணும்னு எனக்கு ஆசை. உங்க காலேஜ்லதான் அந்தப் படிப்பு இருக்கு. அந்த விமானக் கொட்டகையைப் பார்த்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். திரும்பி வர்ற வழியில காரிலேயே அம்மாகிட்ட சொல்லிட்டேனே!"

வெண்டல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். போனில் விவெட்டின் குரல் வந்தது, கொஞ்சம் சிரிப்போடு.

"கோபப்படாதீங்க கோச். நீங்க வாணலி கழுவின மறுநாளே உங்க வீட்டு அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். பையன் உங்களுக்குத்தான்னு. அவங்கதான், 'அவசரம் இல்ல, டிசம்பர் வரைக்கும் அவர்கிட்ட சொல்லாம வெச்சிருங்க'ன்னாங்க."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?"

"தினமும்."

போனை அணைத்துவிட்டு வெண்டல் மனைவியைப் பார்த்தார். லொரெட்டா நிதானமாக, இறைச்சியும் பீன்ஸும் காரமாகக் கொதித்த சில்லியைக் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் இலவங்கப்பட்டை மணக்கும் ஒரு இனிப்பு ரொட்டிச் சுருளை வைத்து, அவர் முன்னால் நகர்த்தினார்.

"லொரெட்டா! வேலை போயிடுமோன்னு நான் வயத்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ தெரிஞ்சும் வாயைத் திறக்கல!"

"நெருப்பு இருந்த வயிறு ராத்திரி குறட்டை விட்டு நல்லா தூங்கிச்சு. பயந்து தூங்காம இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"அப்போ நான் தேய்ச்ச தேய்ப்பு?"

"பளபளன்னு இருக்கு." லொரெட்டா எதிரில் உட்கார்ந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "வெண்டல், கல்யாணமானதிலேருந்து சீசன் நடக்கற மாசங்கள்ல நீ என்கிட்ட பேசினது, 'உப்பு எங்க', 'கார் சாவி எங்க'. அவ்வளவுதான். இந்த வருஷம்தான் கையில சோப்பு நுரையோட தினமும் எனக்குக் கதை சொன்னே. அதை நான் ஏன் நிறுத்தணும்?"

வெண்டல் கரண்டியை எடுத்தார். சில்லியில் ஒரு வாய் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. கோச் என்றால் தோல்வியிலும் தலைநிமிர வேண்டும் அல்லவா? கிண்ணத்தை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார்.

"பேச்சு வேற, பாத்திரம் வேற. பேசறேன். தினமும் பேசறேன். ஆனா பையன் கையெழுத்துப் போட்டாச்சு. இந்த நிமிஷத்திலேருந்து நான் இந்த வீட்ல ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவமாட்டேன்!"

"சரி," என்றார் லொரெட்டா.

இவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' அந்த வீட்டில் கேட்டதில்லை. லொரெட்டா போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, படித்தார்.

"விச்சிட்டாலேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பையன் உன் குவாட்டர்பேக்குக்கு முன்னாடி சுவர் மாதிரி நின்னு காப்பாத்தற ஆளாம். வாசல்ல பக்கவாட்டா திரும்பித்தான் உள்ளே வருவானாம். 'கோச் ஜன்னல் எல்லாம் துடைப்பாரா?'ன்னு கேக்கறாங்க."

அப்படிப்பட்ட ஒரு பையனை மூன்று வருஷமாக வெண்டல் கனவில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக மேஜைமேல் குனிந்தார்.

"லொரெட்டா, உண்மையைச் சொல்லு. அந்த அம்மா நிஜமாவே இருக்காங்களா?"

லொரெட்டா ஒரு ஈரத் துணியை நீட்டினார்.

"ஜன்னலைத் துடை வெண்டல். எல்லாம் தெளிவாத் தெரியும்."