ஒரு கம்பளியும் ஊர் முழுக்க இரக்கமும்

இரக்கம் என்ற ஒன்றை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே எங்கள் நகரம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு ஜனங்கள் பாலத்தைக் கடந்து ஓடிவந்ததும், நாங்கள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினோம். 'சுகாதாரத்தை முன்னிட்டு' பாலத்திலேயே அவர்களுடைய மூட்டைமுடிச்சுகளை வாங்கி வைத்துக்கொண்டோம். பிறகு 'வரவேற்புக் குழு' அமைத்தோம். அடியேன்தான் செயலாளர்.

எல்லோருக்கும் கம்பளி வழங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். பாலத்துச் சோதனைச்சாவடி அதிகாரி பெரிய மனது பண்ணி ஒரு கம்பளி கொடுத்தனுப்பினார். போதாதா? தலைவர் வழங்குவார், போட்டோ எடுப்போம், திரும்ப வாங்கி மடித்து அடுத்தவருக்கு வழங்குவோம். பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்த அத்தனை பேரும் ஒரே காலையில் கம்பளி பெற்றார்கள். குளிருக்குத்தான் இந்தச் செய்தி எட்டவில்லை.

கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். குளிரில் ராத்திரியெல்லாம் வீல் வீலென்று கத்திய குழந்தை. போட்டோ முடிந்து தலைவர் கையை நீட்டுவதற்குள் அவள் கம்பளியைக் குழந்தைக்குச் சுற்றிவிட்டாள்.

"அம்மா, கம்பளியக் குடுங்க. பின்னாடி வரிசை நிக்குது," என்றேன்.

"இப்பதாங்க தூங்குது."

அங்கேயே அவசரக் கூட்டம் போட்டோம், கிசுகிசுப்பாக.

"குழந்தையோட சேத்தே அடுத்தவருக்கு வழங்கிட்டா என்ன?" என்றார் பொருளாளர்.

"அடுத்தவரு பிரம்மச்சாரிங்க. கணக்கு உதைக்கும்," என்றார் துணைத்தலைவர்.

"அப்ப அவருக்குக் கல்யாணம் பண்ணி வைக்க ஒரு துணைக்குழு போடலாம்."

தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. "இது நகரத்தோட சொத்தும்மா! உங்க வீட்டுதுன்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க."

அவள் கம்பளியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். கிழிசல் ஒன்று சிவப்புக் கம்பளி நூலால் தைக்கப்பட்டிருந்தது. குழந்தையின் தலையில் அதே நூலில் பின்னிய குல்லாய்.

"குல்லா பின்னி மிஞ்சுன நூலுங்க. பாலத்துல வாங்கி வச்சீங்களே, அந்த மூட்டையில இருந்த கம்பளி இது."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைவர் மட்டும் சமாளித்துக்கொண்டார்.

"அப்பவும் குடுத்தது நாங்கதானே! போட்டோக்காரரே, இன்னொண்ணு எடுங்க!"

அவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். நாங்கள் கம்பளியில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். குழந்தை தூக்கத்தில் அசையக்கூட இல்லை.

'கொடுத்துச் சிவந்த கரங்கள்' என்ற தலைப்போடு அந்தப் படம் இன்றும் நகரமன்றத்தில் தொங்குகிறது. கொடுக்கிறோமா பிடுங்குகிறோமா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவளுடைய முகத்தை மட்டும் பார்க்காமலிருந்தால் சரி.