ஒற்றைக்கை வண்டி, இரட்டைக்கை வண்டி

“வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு வண்டியையும் ஏலகிரி வளைவுல நீயே ஓட்டிப் பாரு. எத வச்சிக்கணும், எத விக்கணும்னு சொல்லு. நீ சொல்றதுதான் தீர்ப்பு” என்று சொல்லி, ஜியாவுல்லா சாகிப் இரண்டு சாவிகளை மேசைமேல் வைத்தார்.

ஜோனதனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஆம்பூரில் சாகிபின் ஷூ கம்பெனியில் வேலை செய்த யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. ஏற்றுமதிப் பிரிவில் ஆங்கிலக் கடிதம் எழுதும் ஜோனதனைக் கார் மேதை என்றே எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் கார் பத்திரிகைகளை அவன் ஒரு வரி விடாமல் படிப்பான். படித்ததை டீ நேரத்தில் அவன் எடுத்துச் சொன்னால், கட்டிங் பிரிவுக்காரர்கள் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவன் வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதை எளிமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாகிப் பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இரண்டை வாங்கியிருந்தார். இரண்டுக்கும் ஒரே கருநீலம் அடித்துவிட்டதால் தூரத்தில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். வீட்டில் பேகம் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்.

“ரெண்டுக்கும் இன்னாதான்பா வித்தியாசம்?” என்று போன வாரம் மதிய பிரியாணியின்போது சாகிப் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஜோனதன் தட்டிலிருந்து கோழியின் கவட்டை எலும்பை எடுத்துவிட்டான்.

“இதுக்குப் பேருதான் விஷ்போன், சாகிப். ஒரு வண்டியில இந்த மாதிரி ரெண்டு கவட்டை இருக்குது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. முன்சக்கரத்த ரெண்டு கையால புடிச்ச மாதிரி. அதான் டபுள் விஷ்போன். இன்னொண்ணுல கீழ மட்டுந்தான் கை. மேல ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரு தூணு. அது ஸ்ட்ரட்.”

“ஒரு கையில புடிச்சா இன்னா?”

“தப்பில்ல. வெயிட்டு கம்மி, இடம் கம்மி, செலவு கம்மி. ஆனா வேகமா வளையும்போது வண்டி சாயுது பாருங்க, சக்கரமும் கூடவே சாஞ்சிடும். டயரு ஓரத்துல நிக்கும். நம்ம ஷூவையே எடுத்துக்குங்க. உள்ளங்கால் முழுசா தரையில பட்டாத்தானே புடிமானம்? ஓரத்துல நடக்கிறவனுக்கு வழுக்கும். ரெட்டக்கை வண்டியில உடம்பு சாஞ்சாலும் சக்கரம் நிமிந்தே நிக்கும்.”

சாகிப் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நாற்பது வருஷமாக ஷூ தைக்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு உள்ளங்கால் உதாரணம் நேரே நெஞ்சில் போய் இறங்கியது. “மாஷா அல்லா! இன்னா மூளைடா ஒனக்கு!” என்றார். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அவை ரெட்டக்கை வண்டி, ஒத்தக்கை வண்டி ஆயின.

இப்போது அந்த இரண்டின் சாவிகளும் அவன் முன்னால் கிடந்தன.

“இன்னொரு சேதி” என்றார் சாகிப். “ஜெர்மனி கண்காட்சிக்கு ஒன்னத்தான் அனுப்பறேன். அங்க வண்டி எடுத்துக்கினு ஊர் ஊரா சுத்தணும். ஓட்டத் தெரிஞ்ச ஆளு நீதான்.”

ஜெர்மனி! பல வருஷமாக உறை மேல் எழுதியே பழகிய முகவரிகளுக்கு நேரில் போகலாம். தெரியாது என்று சொல்ல ஜோனதன் வாயைத் திறந்தான். “ரொம்ப தாங்க்ஸ் சாகிப்” என்றுதான் வந்தது.

அன்று மாலை மனைவி ஃபீபியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“இதுல இன்னா கஷ்டம்? தெரியாதுன்னு சொல்லிடுங்க.”

“சொன்னா மானம் போய்டும், ஜெர்மனியும் போய்டும்.”

“அப்ப ஓட்டுங்க.”

“உயிர் போய்டும்.”

மறுநாள் காலை வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி அவன் கம்பெனிக்குள் நுழைந்தான். “பஸ்ஸுல கம்பியப் புடிச்சேன், சுளுக்கிக்கிச்சி சாகிப். ஓட்டறது கஷ்டம்…”

சாகிப் பதறிப்போனார். ஜெர்மனிக்குப் போகவேண்டிய கை அல்லவா! தானே கம்பெனி டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் கையைத் தொட்ட இடமெல்லாம் ஜோனதன் அலறினான். நடிப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. விரலிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஃபீபி கட்டைத் தட்டிப் பார்த்தாள். “எலும்பு நல்லா இருக்கும்போதே மாவுக்கட்டு போட்டுக்கினு வந்த மொத ஆளு நீங்கதான்” என்று சொல்லி, இட்லியைப் பிட்டு அவனுக்கு ஊட்டிவிட்டாள்.

கட்டு போட்டதோடு தொல்லை விட்டது என்று நினைத்தான். ஆனால் கட்டிங் மேனேஜர் முனிரத்தினம் சாகிபிடம், “அப்ப சோதனைய ரெண்டு மாசம் தள்ளி வச்சிக்கலாம் முதலாளி. கட்டு பிரிச்சதும் ஜோனதனே ஓட்டட்டும்” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

ஜோனதன் அவசரப்பட்டான். “தள்ளி வைக்கவே வேணாம் சாகிப். ஓட்டறவனுக்கு ஸ்டியரிங் மேலதான் கவனம். வண்டியோட கொணம் பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். வெளிநாட்டுலயே இப்ப அப்படித்தான் பண்றாங்க.”

“அப்படியா!” என்று வியந்தார் சாகிப். “அப்ப நல்ல டிரைவரா புடிக்கணும்.”

வாணியம்பாடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் சுந்தரியைப் பிடித்தார்கள். லாரி, பஸ் எதுவானாலும் சுந்தரி ஓட்டுவாள். ஏலகிரி மலைப்பாதை அவளுக்குச் சொந்த வாசல் மாதிரி. எங்கேயும் ஹாரன் அடிக்காமல் வண்டி எடுக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று டிரைவர்களே மரியாதையோடு சொல்வார்கள். சாகிப் அவளைக் கம்பெனிக்கு வரவழைத்து உபசரித்து, கைநிறையப் பரிசு கொடுத்து அனுப்பினார்.

முனிரத்தினத்துக்கு இன்னொரு நல்ல யோசனை தோன்றியது. “ஜோனதனுக்கு ரெட்டக்கை வண்டி மேல ஆசைன்னு ஊருக்கே தெரியும். எந்த வண்டியில உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சா தீர்ப்பு ஒருபக்கமா சாஞ்சிடாது?”

சாகிபின் பார்வை ஜோனதன் பக்கம் திரும்பியது. அதில் முதன்முறையாக ஒரு சின்ன சந்தேகம் தெரிந்தது. அதைத் துடைத்தெறிய வேண்டும் என்ற வேகத்தில், “கண்ணக் கட்டி விடுங்க!” என்றான் ஜோனதன். “எந்த வண்டியில மொதல்ல போறோம்னு சுந்தரியம்மா முடிவு பண்ணட்டும். தீர்ப்பு சொல்ற வரைக்கும் அவங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஓட்டத் தெரியாததை மறைக்கப் போய், கையில் கட்டு, கண்ணில் கட்டு, கொண்டை ஊசி வளைவில் ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்து முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாகிபும் மற்றவர்களும் மலைமேல் அவருடைய பங்களாவில் பைனாகுலரோடு உட்கார்ந்தார்கள். பாதி மலைவரை ஏறி, திரும்ப அடிவாரத்துக்கு வந்து, வண்டி மாற்றி, மறுபடியும் அதே மாதிரி செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வண்டிகளும் அடிவாரத்துப் புளியந்தோப்புக்குள் நின்றன. மேலிருந்து பார்த்தால் தோப்புக்குள் நடப்பது தெரியாது.

கண்கட்டோடு ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்த ஜோனதனுக்குத் தோப்புக்குள் ஏதோ நெடுநேரம் கனைக்கிற சத்தம் கேட்டது. உயர்ந்த ஜாதி எஞ்சின் தொண்டையைச் சரிசெய்கிறது என்று மெய்சிலிர்த்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சுந்தரி வந்து, பேசாமல் அவன் தோளைப் பிடித்து நடத்திப்போய் ஒரு வண்டியில் உட்காரவைத்தாள்.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்பதைவிட எகிறியது என்று சொல்லவேண்டும். முதல் வளைவில் வெடுக்கென்று பிரேக் விழுந்து ஜோனதனின் தாடை நெஞ்சில் இடித்தது. வண்டியின் மூக்கு வளைவுக்கு வெளியே ஓடப் பார்த்தது. உடனே திடுக்கென்று உள்ளே இழுபட்டது. அடுத்த வளைவில் டயர் கீச்சிட்டது. அவன் மாவுக்கட்டோடு கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “கர்த்தாவே! ஒத்தக்கை! ஒத்தக்கை!” என்று மனசுக்குள் கத்தினான்.

அடிவாரம் வந்ததும் இறங்கி மறுபடியும் கல்மேல் உட்கார்ந்தான். வயிறு இன்னும் மலையிலேயே இருந்தது. திரும்பவும் அதே கனைப்பு. திரும்பவும் தோளில் கை. புது சீட்டில் சாய்ந்ததுமே இது வேறு ஜாதி என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சீட்டே ஒரு விரற்கடை ஆழமாக இருந்தது.

இந்த முறை வண்டி எப்போது நகர்ந்தது என்றே தெரியவில்லை. வளைவு வருவதற்கு வெகு முன்பாகவே வேகம் இதமாகத் தணிந்தது. உடம்பு மெல்லச் சாய்ந்தது. பிறகு, தாலாட்டில் தூளி திரும்புவதுபோல் நிமிர்ந்தது. வேகம் குறைவில்லை, காற்று காதில் அறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நான்கு டயர்களும் உள்ளங்கால் முழுக்கப் பதித்து மலை ஏறுவதை அவன் இடுப்பெலும்பு உணர்ந்தது. பத்திரிகையில் படித்ததெல்லாம் சத்தியம்! படம்போட்டு விளக்கிய அந்த வெள்ளைக்காரர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கட்டிய துணிக்குள் ஜோனதனின் கண் நனைந்தது. ‘இதுதான். இதுக்காகத்தான் இத்தனை வருஷமும் படிச்சேன்’ என்று நினைத்துக்கொண்டான்.

அடிவாரத்திலிருந்து கம்பெனி ஜீப்பில் ஏற்றிவந்து பங்களாவில் கண்கட்டை அவிழ்த்துவிட்டபோது அவன் முகத்தில் ஒரு தீர்க்கதரிசியின் ஒளி இருந்தது.

“மொதல்ல வந்தது ஒத்தக்கை வண்டி” என்றான். “வளைவுல மூக்கு வெளிய ஓடுது. பிரேக் போட்டா குத்துது. சக்கரம் சாயுது, டயர் அழுவுது. எந்தத் திறமையான டிரைவரும் அத ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவதா வந்தது ரெட்டக்கை. அது வண்டியே இல்ல சாகிப், வெண்ணெய். சுந்தரியம்மா சும்மா ஸ்டியரிங்க புடிச்சிக்கினு இருந்தாலே போதும், மீதிய அந்த ரெண்டு கவட்டையும் பாத்துக்கும்.”

பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஆமோதித்தார்கள். “எனக்கே இங்கேந்து தெரிஞ்சிதே!” என்றார் சாகிப். “மொத வாட்டி பேஜார் புடிச்ச மாடு மாதிரி வந்திச்சி. ரெண்டாவது வாட்டி இன்னா நடை, இன்னா அழகு!” முனிரத்தினம் ஓடிவந்து ஜோனதனின் மாவுக்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“ஒத்தக்கை வண்டிய நாளைக்கே வித்துடு” என்று சாகிப் முனிரத்தினத்துக்கு உத்தரவு போட்டார். “ஜெர்மனி டிக்கெட்டும் நாளைக்கே எடுத்துடு. கண்ண மூடிக்கினே இவ்ளோ கண்டுபுடிக்கிறவன், கண்ணத் தொறந்துக்கினு ஓட்டினா அந்த ஊரே மயங்கிடாது?”

ஜோனதனுக்குப் பெருமை பொங்கியது. கட்டு பிரிந்ததும் சுந்தரியிடமே ரகசியமாக ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்துவிட்டது. பேருள்ளத்தோடு அவளைப் பார்த்துக் கைகாட்டினான். “சாகிப், இவங்களும் நல்லாத்தான் ஓட்டினாங்க.”

“ஆமாமா, மறந்தே போய்ட்டேன். தீர்ப்புதான் சொல்லியாச்சே, இனி நீ பேசலாம்” என்றார் சாகிப். “ஓட்டின ஆளு நீ. சொல்லும்மா, ஒனக்கு இன்னா வித்தியாசம் தெரிஞ்சிது?”

சுந்தரி சேலையை இழுத்துக் கால்களை மறைத்துக்கொண்டாள்.

“ரெட்டக்கை வண்டி ஸ்டார்ட்டே ஆவல சாகிப், ரெண்டு வாட்டியும் ஒத்தக்கை வண்டியிலதான் போனோம், மொத வாட்டி நீங்க பரிசா குடுத்த உங்க கம்பெனி ஷூவப் போட்டுக்கினு ஓட்டினேன், ரெண்டாவது வாட்டி அதக் கழட்டி வச்சிட்டேன்.”