ஹாலை மீட்க எலும்பு படித்தேன்

என் வீட்டு ஹாலை மீட்டே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஊரார் ஏறி இறங்க வழிசெய்துவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால், ஹாலில் என் மனைவி பதினோரு பெண்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். எட்டு மணி வரை தரை அதிரும். என் சாய்வு நாற்காலி சமையலறை வாசலில் ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி கிடக்கும். நானும் ஃப்ரிட்ஜும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே நாலு வருடம் ஓட்டிவிட்டோம்.

அந்தத் திங்கட்கிழமை அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"ரெண்டு மாசமா வலிக்குது. நீங்க இப்பதான் பார்க்கறீங்க."

எனக்குப் பரிதாபம் வந்தது. கூடவே யோசனையும் வந்தது. புருஷன் சொன்னால் கேட்கமாட்டாள். விஞ்ஞானம் சொன்னால் கேட்பாள்.

பழைய புத்தகக் கடையில், நடனமும் யோகாவும் செய்கிறவர்களுக்கான உடற்கூறு புத்தகம் ஒன்று கிடைத்தது. மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். சிரமமாகவே இல்லை. எலும்பு கம்பி, தசை கயிறு, மூட்டு கப்பி. மனுஷனும் ஒரு லிஃப்ட்தான், கதவு மட்டும் வாயில் இருக்கிறது. மூட்டைக் காட்டி அவளை மூட்டை கட்ட வைப்பது என் திட்டம்.

ஞாயிறு காலை ஆரம்பித்தேன்.

"முழங்கால் கதவுக் கீல் மாதிரி. முன்ன பின்னதான் போகும். நீ பாதத்தைப் பக்கவாட்டுல திருப்பி வெச்சு ஆடறியே, அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டுலேர்ந்து வரணும். இடுப்பு ஒரு பக்கத்துக்கு நாப்பத்தஞ்சு டிகிரி கொடுத்தா பெரிசு. மீதியை நீ முழங்கால்கிட்ட பிடுங்கற."

"சரி."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டது அபூர்வம். தைரியம் வந்தது.

"அதனால ஆறு மாசம் வகுப்பை நிறுத்திடு."

"அந்த நாப்பத்தஞ்சை எப்படி அளக்கறது?"

"குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை உள்பக்கமா சாய விடணும்."

"படுங்க."

படுத்தேன். என் வேலைப்பையிலிருந்தே கோணமானியை எடுத்துவந்து காலில் வைத்தாள்.

"உங்களுக்கு இருபதுதான் வருது."

"பேச்சு என்னைப் பத்தி இல்ல."

"இருபதை எப்படிக் கூட்டறது?"

இங்கேதான் வழுக்கினேன். அந்த வீட்டில் என்னிடம் யாரும் சந்தேகம் கேட்டதே கிடையாது. பல்பு மாற்றுவது பற்றிக்கூடக் கேட்டதில்லை. அவளோ நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குப் பின்னால், பெரிய தசைக்கு அடியில், தொடையை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறு சின்னத் தசைகள் ஒளிந்திருப்பதைச் சொன்னேன். அவற்றுக்குப் பலம் ஏற்ற, ஒருக்களித்துப் படுத்து, குதிகால்களை ஒட்டி வைத்து, மேல் முழங்காலை மட்டும் சிப்பி மாதிரித் திறக்க வேண்டும் என்றேன். உடம்பு சூடேறுவதற்கு முன்னால் இழுக்கக் கூடாது என்றேன். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். வகுப்பை நிறுத்துகிற விஷயத்தைத் திரும்பச் சொல்ல மறந்துபோனேன்.

ஆறு வாரத்தில் தைலப் புட்டி அலமாரிக்குள் போய்விட்டது. மாணவிகளில் ஒருவரான பல் டாக்டர் அம்மா என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"சார், உங்க சிப்பிப் பயிற்சி நல்லா வேலை செய்யுது. என் முழங்கால்ல வந்த சத்தம் நின்னுபோச்சு. என் நாத்தனாரும் அடுத்த வாரம் சேர்றாங்க."

பதினோரு பேர் பதினாறு பேர் ஆனார்கள். சேர்த்துவிட்டவன் நான்.

ஆனாலும் புத்தகத்தில் ஒன்பதாம் அத்தியாயம் பாக்கி இருந்தது.

"கல் தரையில குதிச்சா அதிர்ச்சி மொத்தமும் கால் எலும்புக்குப் போகும். நம்ம ஹால் கல் தரை. நடனத்துக்கு லாயக்கே இல்ல. அடியில கொஞ்சம் இடைவெளி விட்ட மரத்தரைதான் நல்லது. அப்படி ஒரு இடமாப் பாரு."

"நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். நாற்காலியைப் போட ஜன்னலோரம் ஓர் இடமும் பார்த்து வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. ஹாலைக் காலி செய்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். சுவருக்குச் சுவர் மரத்தரை. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவருக்குச் சொந்தமாக மரப்பட்டறையாம். பலகைக்கு அடியில், நான் பழைய லிஃப்ட்களிலிருந்து கழற்றி மொட்டைமாடியில் போட்டிருந்த ரப்பர் கட்டைகள். மிதித்துப் பார்த்தேன். நல்ல வேலை. தொழில் தெரிந்தவனுக்குக் குறை சொல்ல மனசு வரவில்லை.

"என் நாற்காலி எங்க?"

"நாற்காலிக் கால் பட்டா பலகையில கீறல் விழுமே. டாக்டரம்மா கிளினிக்குக்குக் கொடுத்துட்டேன்."

பிறகு கேட்டேன்.

"நான் எதுக்குப் படிச்சேன்னு உனக்குத் தெரியுமா?"

"இத்தனை வருஷத்துல நான் ஆடறதை ஒரு நாள்கூட நின்னு பார்க்காதவர் திடீர்னு என் முழங்காலைப் பத்திப் பேசினா தெரியாதா? நிறுத்தறதுக்காகவாவது பார்த்தீங்களே, அதுவே போதும்னு விட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை.

"சரி, இனிமே நான் எங்க உட்கார்றது?"

"தரையிலதான். இருபது டிகிரிய வெச்சுக்கிட்டு உங்களால சம்மணம் போட முடியாது. அதை நான் பார்த்துக்கறேன். திங்கட்கிழமை அஞ்சரைக்கு வந்துடுங்க."

ஹாலில் இப்போது எனக்கென்று நிரந்தரமாக ஓர் இடம் இருக்கிறது. பல் டாக்டரின் நாத்தனாருக்குப் பின்னால், கடைசி வரிசை, இடது ஓரம்.