குஞ்சுகள் ஒளிய மீன் தொட்டிக்குச் செடி தேடிய வகையில்

திருப்பதி

சிரஞ்சீவி மாப்பிள்ளை வரதனுக்கு,

பெருமாள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும் என்று வேண்டிக்கொண்டு ஸௌரிராஜன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சௌக்கியம். மனிதர்கள் என்று பிரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஸ்ரீ சிட்டியில் உங்களுக்கு ஷிப்ட் மாறிவிட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று உங்கள் மாமியார் கேட்கச் சொன்னாள். போன் இருக்கும்போது தபாலில் எழுதுகிறாரே என்று நினைப்பீர்கள். ஸுப்ரஜா பிரசவத்துக்கு வந்ததிலிருந்து யார் பேசினாலும் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்கிறாள். இந்த விஷயம் அவள் காதில் விழக்கூடாது.

விஷயம், அவளோடு நீங்கள் அனுப்பி வைத்த மீன் தொட்டி. கப்பி மீன் முட்டையிடாமல் குஞ்சாகவே போடும் என்று சொன்னீர்கள். போட்ட குஞ்சைத் தாயே தின்றுவிடும் என்று சொல்லவில்லை. அதை முதலில் பார்த்தவள் உங்கள் மாமியார் யதுகிரி, அதுவும் ஏகாதசியன்று. அன்று நம் வீட்டில் அடுப்பில் அரிசி ஏறாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கூரையின் கீழ் இருக்கிற எல்லா ஜீவனுக்கும் புண்ணியம் சேரட்டும் என்று அவள் மீன்களுக்கும் காலையிலிருந்து தீனியை நிறுத்திவிட்டாள். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்று மத்தியானம் தாய்மீனுக்குப் பிரசவம் ஆனது. பசியோடு இருந்த அது, பிறந்த குஞ்சுகளை ஒன்று பாக்கியில்லாமல் விழுங்கிவிட்டது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். யதுகிரி வந்து பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஏன்னா, ஏகாதசியும் அதுவுமா நம்மாத்துல மாமிச போஜனம் நடந்திருக்கு" என்றாள்.

வெங்காயம்கூட வாங்காத வீடு. இருந்தாலும் அவளுடைய பெரிய கவலை அது இல்லை. "வாயும் வயிறுமா இருக்கறவ நாள் பூரா அந்தத் தொட்டி முன்னாடியே உக்காந்துண்டிருக்கா. தாயே சேயத் திங்கறதப் பாத்தா மனசுல என்ன ஓடும்? அவ கண்ணுல இது படவே படாது, சொல்லிட்டேன்" என்றாள். நல்லவேளையாக ஸுப்ரஜா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, மீனுக்கு வயிறு ஏன் வற்றிவிட்டது என்று கேட்டாள். விரதம் இருந்ததால் என்று அம்மா பதில் சொல்லிவிட்டாள். ஆனால் கப்பிக்கு மாதம் தவறாமல் பிரசவம். அடுத்த முறைக்குள் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள ஓர் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

கடைத்தெருவில் ரக்ஷிதா என்ற பெண் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறாள். குஞ்சு ஒளிய ஒரு செடி வேண்டும் என்றேன். "இதி பெட்டண்டி சார், லுக் பாகுண்டுந்தி" என்று, அதாவது இதை வையுங்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று தெலுங்கில் சொல்லி, வாள் வாளாக அகல இலை விட்ட ஒரு செடியைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். லுக் நன்றாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகையால் ஒரு துணுக்கு அப்பளத்தை அந்த இலைக்குப் பின்னால் போட்டேன். தாய்மீன் அவசரப்படாமல் இலையைச் சுற்றிக்கொண்டு வந்து எடுத்துக்கொண்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிகிறவன் இரண்டு சுற்றுக்கு மேல் தாக்குப் பிடிக்கமாட்டான். சைக்கிள் ஷெட்டுக்குள் புகுந்துவிட்டால் கதை வேறு. சைக்கிள்களின் சந்தில் ஆறாம் வகுப்புப் பையன் நுழைந்து போய்விடுவான், ஹெட்மாஸ்டரால் நுழைய முடியாது. குஞ்சுக்கு வேண்டியது தூண் அல்ல, சைக்கிள் ஷெட். அதாவது இலை பொடிப்பொடியாக, நெருக்கமாக இருக்க வேண்டும்.

பொடி இலை என்று நான் சொன்னது உங்கள் மாமியார் காதில் விழுந்தது. மறுநாள் திருவாராதனம் முடிந்ததும், பெருமாளுக்குச் சாத்திக் களைந்த துளசியைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டாள். துளசி இருக்கிற இடத்தில் கொலை நடக்காது என்பது அவள் கட்சி. தினமும் போட்டாள். துளசி தரையில் வளர்கிற செடி. தண்ணீரில் மூழ்கினால் அழுகும். தண்ணீர் கருத்தது, வாடை வந்தது, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவை நாமம் சொல்கின்றன என்றாள் யதுகிரி. அவற்றால் மூச்சு விட முடியவில்லை என்று நான் சொல்லி, துளசியை வாரி எடுத்துவிட்டுத் தண்ணீரில் பாதியை மாற்றினேன். அன்று தளிகையில் எனக்கு ரசம் மட்டும்தான்.

அதன் பிறகுதான் குடிபாலா கிராமத்துக்குப் போனேன். என்னோடு வேலை பார்த்த டிரில் மாஸ்டர் கங்கையா அங்கே நிலமும் தண்ணீர்த் தொட்டியுமாக இருக்கிறார். அந்தத் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது முழுவதும் பார்த்தேன். ஊசிமுனை மாதிரி குஞ்சுகள் எல்லாம் அடியில் இல்லை. மேலே, மிதக்கிற ஆகாயத்தாமரையின் வேர்க்கொத்துக்குள் இருந்தன. வேர் தாடி மாதிரி தொங்குகிறது, பெரிய மீன் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பாடம் புரிந்தது. மேலே ஆகாயத்தாமரை, நடுவே பொடி இலை விடுகிற வேலம்பாசி, அடியில் கல்லில் படர்கிற பாசி, மூன்றும் இருந்தால் போதும். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி அள்ளுவதைப் பார்த்துக் கங்கையா, "இன்னா சார், ரிட்டயர் ஆயிட்டு பாசி அள்ளிக்கினு போறீங்க? மாடு துன்னும்னாலும் ஒரு அர்த்தம் இருக்குது" என்றார். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "மீனுக்கு ஏகாதசி வெச்சது உங்க ஊட்லதான் சார் நடக்கும்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் பை ஒழுகிக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் அது என்ன கீரை, கடைவதா பொரியலா என்று கேட்டாள்.

வந்ததும் தொட்டியில் போட்டுவிடவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் அலசினேன். வாளியில் தும்பிப் பூச்சியின் புழு ஒன்று அகப்பட்டது. குஞ்சு தின்பதில் அது தாயைவிடக் கெட்டிக்காரப் பிராணி. அதை அப்புறப்படுத்திய பிறகே செடிகளைத் தொட்டிக்குள் இறக்கினேன். மறுபடி அப்பளம் போட்டுப் பார்த்தேன். தாய்மீனால் எடுக்க முடியவில்லை.

இப்போது புதுச் சங்கடம். செடி இரண்டு வாரத்தில் பெருகித் தொட்டியை அடைத்துவிட்டது. "அப்பா, மீன் பாக்கலாம்னு வந்து உக்காந்தா, ஒரு ஏரியக் கொண்டு வந்து வெச்சிருக்கேளே" என்கிறாள் ஸுப்ரஜா. ஞாயிற்றுக்கிழமை தானே உட்கார்ந்து பாதியைப் பிடுங்கப் போகிறாளாம். தாய்மீனுக்கு வயிறு மறுபடி சதுரமாகிவிட்டது, பிரசவம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஏகாதசியும் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மாமியார் விரத விஷயத்தில் விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. செடியும் போய், தீனியும் நின்று, ஸுப்ரஜாவும் எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆகவே சனிக்கிழமைக்குள் வந்து தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விடவும். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, துணைக்கு மீனாவது வேண்டும் என்று சொன்னால் அவள் மறுக்கமாட்டாள். உங்கள் மேல் பிரியம் உள்ளவள்.

நீங்கள் தீர்க்காயுசாக, எடுத்த காரியம் எல்லாம் ஜெயமாக இருக்க வேண்டும். உங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் இருவருடைய நமஸ்காரம்.

இப்படிக்கு,
ஸௌரிராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஸுப்ரஜா வந்து, யாருக்கு லெட்டர் என்று கேட்டாள். பென்ஷன் ஆபீசுக்கு என்றேன். அவள் என்னைத் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், ஆகாயத்தாமரையின் வேரை விரலால் விலக்கிக் காட்டினாள். உள்ளே குஞ்சுகள். "சித்த முன்னாடிதான் போட்டுதுப்பா. அங்க இருக்கறச்சே ஒவ்வொரு தடவையும் தின்னுடும், நானும் அவரும் பாத்துண்டுதான் இருப்போம். இந்தத் தடவைதான் பொழச்சிருக்கு" என்றாள். வயிறு ஏன் வற்றிவிட்டது என்று அன்று கேட்டதும் தெரிந்துகொண்டேதானாம். பிறகு, தொட்டியை அனுப்பியதே உங்கள் யோசனைதான் என்றும் சொன்னாள். கவலைப்பட எனக்கு வேறு ஏதாவது கொடுக்காவிட்டால், வலிக்கிறதா வலிக்கிறதா என்று அவளையே கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். சரியாகத்தான் கணித்திருக்கிறீர்கள். எத்தனை குஞ்சு என்று எண்ணிப் பார்த்தேன், செடிக்குள் எண்ண முடியவில்லை. அப்படியானால் செடி சரியான செடி. ஆகவே தொட்டியை எடுத்துப் போக வரவேண்டாம். சும்மா வாருங்கள். உங்கள் மாமியாரிடம் மட்டும் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். பிரசவம் ஆகும்வரை கவலைப்பட அவளுக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா?