கோடு சாரும் மாங்கொட்டையும்

கையில் மாம்பழத்தை வைத்துக்கொண்டே பட்டினி கிடக்கக்கூடிய ஆள், மாம்பழத்துக்குப் பேர்போன முதலமடை வட்டாரத்திலேயே எங்கள் கோடு சார் ஒருவர்தான். எழுபதுகளில் அவர் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்தினார். நான் அங்கே ஆய்வுக்கூட உதவியாளன். இருவருக்கும் ஒரே வாடகை அறை.

அணுவை அளக்கும்போதெல்லாம் உலகமே கிளை கிளையாகப் பிரிகிறது என்று யாரோ எழுதியதைப் படித்துத் தொலைத்தார். பிரிவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. "எந்தக் கோட்டுல பிரியுதுங்க? கணக்குல எந்தக் கோடு போட்டாலும் சரியா வருது. அப்புறம் ஒரு கோடு மட்டும் என்ன ஒசத்தி?" என்று என்னைப் பல் தேய்க்க விடமாட்டார். அப்படித்தான் அவருக்குக் கோடு சார் என்று பேர் வந்தது.

ஒருமுறை அவருடைய மாமாவின் மாங்காய் லாரியில் போனார். மாநில எல்லையில், வாளையார் செக்போஸ்டில் "காயா, பழமா?" என்று கேட்டார்கள். "அந்த ரெண்டாத்தான் பிரிக்கோணும்னு யாருங்க சொன்னது?" என்றார் இவர். லாரி நாள் கணக்கில் நின்றது. காயாகக் கிளம்பியது பழமாகக் கோவை போய்ச் சேர்ந்தது.

இப்பேர்ப்பட்டவருக்குக் கோவிந்தாபுரத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. கோயில் நோம்பித் திருவிழாவில் பார்த்ததிலிருந்து ஒரு மாதமாக அவள் பேச்சுதான். பெண் பார்க்கப் போன அன்று சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டார். "புடிச்சிருக்குதுன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க சார். கோடு கீடுன்னீங்க, நான் பொல்லாதவனாயிருவேன்" என்று பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கினேன்.

"ஏனுங் தம்பி, புள்ளயப் புடிச்சிருக்குதுங்களா, இல்லீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

கோடு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படி ரெண்டாப் பிரிக்கறது எந்தக் கோட்டுலீங்க?"

பாவி மனுஷன்! பெண்ணின் அப்பா துண்டை உதறி எழுந்தார். "நல்லாருக்குதுங்க உங்க நாயம்! நீங்க கெளம்புங்க."

எங்களுக்காகப் பழம் நறுக்க உட்கார்ந்திருந்த பெண், "அப்பா, சித்த இருங்க" என்றாள். பழத்தையும் கத்தியையும் கோடு சாரிடம் நீட்டினாள். "உங்களுக்குப் புடிச்ச கோட்டுல வெட்டுங்க, பாக்கலாம்."

இவர் குஷியாகக் குறுக்கே வைத்து அழுத்தினார். கத்தி நடுவில் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். சாறெல்லாம் இஸ்திரி சட்டையில்.

"கணக்குல எப்படி வேணா வெட்டலாமுங்க. உள்ள கொட்டை கெடக்குதில்ல? கத்தி எப்படிப் போவோணும்னு அதுதான் சொல்லும்" என்றாள்.

கோடு சார் வாய் பிளந்து பார்த்தார். "புடிச்சிருக்குதுங்க. ரொம்பப் புடிச்சிருக்குதுங்க."

பெண்ணின் அப்பா மறுபடி உட்கார்ந்தார். கல்யாணப் பேச்சை முடித்துக்கொண்டுதான் கிளம்பினோம்.

திரும்பும்போது பஸ்ஸில் பார்க்கிறேன், இவர் கண்ணைத் துடைக்கிறார். "என்னாச்சுங்க சார்? அதான் முடிஞ்சுதே!"

"அவங்கப்பா நம்மளத் தொரத்திவிட்ட உலகமும் ஒண்ணு பிரிஞ்சிருக்குமுங்களே. அங்க இருக்கற நானு பாவமுங்க."

"அங்கயும் பக்கத்து சீட்டுல நான் இருப்பேனுங்க சார். அழுவாதீங்க" என்றேன்.